பொறுக்கத் தகாத வயிற்று வலி

வயிற்று வலி வாராத மனிதர் உலகில் இல்லை. பள்ளிக்கு விடுமுறை வேண்டி எழுதும் கடிதங்களில், காய்ச்சலுக்கு அடுத்தபடியாக மாணவர் எழுதும் காரணம் அதுவே. விருந்தில் மிகுதியாக உண்டவனுக்கும் வயிறு வலிக்கும். உணவின்றிப் பசித்துக் கிடந்தவனுக்கும் வயிறு வலிக்கும். தேர்வு மண்டபத்தின் வாயிலில் நிற்கும் மாணவனுக்கும் வலிக்கும். இவ்வாறு எல்லாருக்கும் பழக்கமான நோயாக இருப்பதனாலேயே நாம் அதனை எளிதாக எண்ணிவிடுகிறோம். ஓமத் தண்ணீரும் பெருங்காயம் கரைத்த மோரும் பெரும்பாலான வலிகளுக்குப் போதுமானவையாக இருப்பதனால், எல்லா வலிக்கும் அவையே போதும் என்று முடிவு செய்துவிடுகிறோம். இம்முடிவுதான் ஆபத்தானது.

நூறு வலிகளில் பெரும்பாலானவை தாமே வந்து தாமே போய்விடும். ஆயினும் சில வலிகள் அவ்வாறு போவதில்லை. அவை உள்ளே நடக்கும் ஒரு பெருங்கேட்டை நமக்கு அறிவிக்க வந்த தூதர்கள். தூதரை வாயிலில் நிறுத்திவைத்துவிட்டு உறங்கும் அரசனின் கோட்டை விழுந்துபோகும் அன்றோ? எந்த வலி பொறுக்கத் தக்கது, எந்த வலி பொறுக்கத் தகாதது என்பதை ஒருவாறு தெரிந்துகொள்வதே இப்பேச்சின் நோக்கம். உங்களை மருத்துவர் ஆக்குவது என் கருத்தன்று. மருத்துவரிடம் செல்லவேண்டிய நேரத்தை அறிந்தவர்களாக ஆக்குவதே என் கருத்து.

தமிழர் இந்நோயை நெடுங்காலமாக அறிந்தவர்கள். குத்திக் குடையும் கடும் வயிற்று வலிக்குச் ‘சூலை’ என்று பெயரிட்டனர். சூலத்தால் குத்துவது போன்ற வலி என்பது அச்சொல் தரும் குறிப்பு. திருநாவுக்கரசர் சமண சமயத்தில் இருந்தபோது அவரைச் சூலை நோய் பற்றியதும், அவர் தம் தமக்கை திலகவதியாரை நாடித் திருவதிகைக்கு வந்து நோய் நீங்கப் பெற்றதும் பெரியபுராணத்தில் கூறப்படும் செய்திகள். அவர் காலத்துப் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்பர் வரலாற்று ஆசிரியர் பலர். அம்மன்னன் காலத்துக் குடைவரைக் கோயில் ஒன்று செங்கல்பட்டுக்கு அருகே வல்லத்தில் இன்றும் உள்ளது. அவன் மகன் மாமல்லன் பெயரால் விளங்குவது நம் கடற்கரை நகரமாகிய மாமல்லபுரம். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெரியாரின் வாழ்வையே திசை திருப்பிய நோய் என்றால், அதன் கொடுமையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். அன்று சூலை என்ற ஒரே பெயரால் வழங்கியது உண்மையில் ஒரு நோய் அன்று. பல நோய்களின் பொதுக் குரல் என்று இன்றைய மருத்துவம் நமக்குக் காட்டுகிறது.

அக்குரலின் பொருளை அறிய வேண்டுமானால், வயிற்றின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். வயிறு என்பது ஒரு பெரிய அறை. மேற்கூரையாக இருப்பது உதரவிதானம் என்னும் தசைத் தட்டு. அதன் கீழே வலப்புறம் கல்லீரலும் பித்தப்பையும், இடப்புறம் இரைப்பையும் மண்ணீரலும் உள்ளன. இரைப்பைக்குப் பின்னால் கணையம் படுத்திருக்கிறது. நடுவே சிறுகுடல் சுருண்டு கிடக்கிறது. அதனைச் சுற்றிப் பந்தற்கால் போலப் பெருங்குடல் அமைந்துள்ளது. முதுகுப் பக்கம் இரு சிறுநீரகங்கள் உள்ளன. அடியில் சிறுநீர்ப்பையும், பெண்களுக்குக் கருப்பையும் சூற்பைகளும் உள்ளன. இவ்வறையின் சுவர்களையும் உறுப்புகளையும் மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியுள்ளது. அதனை வயிற்றறைச் சவ்வு என்போம்.

வலியை உணர்த்தும் நரம்புகள் இங்கு இருவகை. உறுப்புகளிலிருந்து வரும் நரம்புகள் ஒருவகை. சுவரை ஒட்டிய சவ்விலிருந்து வரும் நரம்புகள் மற்றொரு வகை. உறுப்புகளின் நரம்புகள் இடத்தைத் துல்லியமாகச் சொல்ல அறியாதவை. குடலை அறுத்தாலும் அவை பெரிதாக வருந்துவதில்லை. குடல் உப்பினாலோ இறுகப் பிசையப்பட்டாலோதான் முறையிடும். அம்முறையீடும் ‘எங்கோ நடுவயிற்றில்’ என்ற அளவிலேயே இருக்கும். இரைப்பை, பித்தப்பை ஆகியவற்றின் வலி மேல்வயிற்றிலும், சிறுகுடலின் வலி தொப்புளைச் சுற்றியும், பெருங்குடலின் பிற்பகுதியின் வலி அடிவயிற்றிலும் தோன்றும். சிறுகுடலின் செய்தி தண்டுவடத்துக்குள் நுழையும் இடமும், தொப்புளைச் சுற்றிய தோலின் செய்தி நுழையும் இடமும் ஒன்றே. ஒரே வாயில் வழியாக வரும் இரண்டு செய்திகளை மூளையால் பிரித்தறிய இயலவில்லை. ஆகவே குடல் துன்புறும்போது தொப்புள் வலிப்பதாக அது நினைத்துக்கொள்கிறது.

சுவர்ச் சவ்வின் நரம்புகளோ அவ்வாறல்ல. தோலில் முள் குத்தினால் ‘இதோ இங்கே’ என்று விரல் வைத்துக் காட்டுகிறோமே, அதுபோல அவை இடத்தைத் திட்டமாகச் சொல்லும். எனவே தெளிவற்ற வலி ஓரிடத்தில் வந்து நிலைத்துக் கூர்மை அடையுமானால், நோய் உறுப்பைக் கடந்து சுவர்ச் சவ்வைத் தொட்டுவிட்டது என்று அறியலாம். இவ்வொரு நுட்பத்தை நினைவில் வைத்தால், கடும் வயிற்று வலியின் பாதிக் கதை விளங்கிவிடும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு குடல்வால் அழற்சி. சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்திற்குச் சற்றுக் கீழே, புழுப்போலத் தொங்கும் சிறு உறுப்பே குடல்வால். அதன் வாய் அடைபட்டால் உள்ளே நீர் தேங்கி உப்பும், கிருமிகள் பெருகும். அப்போது தொப்புளைச் சுற்றி மங்கலான வலி தோன்றும், பசி அற்றுப்போகும், குமட்டலும் வாந்தியும் வரும். சில மணி நேரம் சென்றபின், அழற்சி சுவர்ச் சவ்வை எட்டும். உடனே வலி தொப்புளை விட்டு நீங்கி வலப்பக்கத்து அடிவயிற்றில் வந்து நிற்கும். இருமினால் வலிக்கும், நடந்தால் வலிக்கும், பேருந்து மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் உயிர் போவதுபோல் வலிக்கும். மேலும் தாமதித்தால் குடல்வால் அழுகி உடைந்து, சீழும் மலமும் வயிற்றறை முழுவதும் பரவும். வலி தொடங்கி ஒரு நாள் கடந்தபின் இவ்வபாயம் ஏறிக்கொண்டே போகிறது. எல்லாருக்கும் இவ்வரிசை பிறழாமல் வரும் என்று எண்ணிவிடலாகாது. சிறு குழந்தைகளிடத்தும் முதியோரிடத்தும் கருவுற்ற பெண்களிடத்தும் இது உருமாறி வரும்.

இந்நோய் எவ்வயதிலும் வரலாம் எனினும், பத்து வயது முதல் முப்பது வயது வரை உள்ளவர்களையே மிகுதியாகப் பற்றுகிறது. அதாவது, மாணவர்களே, உங்கள் வயதினரையே பற்றுகிறது.

இதனைத் தனியொரு நோயாக விளக்கி, இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரையும் இட்டவர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ரெஜினால்டு ஃபிட்ஸ்; ஆண்டு 1886. மூன்று ஆண்டு கழித்து, 1889-இல், நியூயார்க் நகரத்து அறுவை மருத்துவர் சார்லஸ் மக்பர்னி, விரல் நுனியால் அழுத்தினால் மிகுதியாக வலிக்கும் இடத்தைக் குறித்துக் காட்டினார். தொப்புளுக்கும் வலப்பக்க இடுப்பெலும்பின் முன்முனைக்கும் இடையே ஒரு கோடு இழுத்தால், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தொலைவில் உள்ள இடம் அது. இன்றும் மருத்துவர் கை முதலில் தேடும் இடம் அதுவே.

1902-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் இங்கிலாந்தின் மன்னர் ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு விழா நடைபெற இருந்தது. பல நாட்டு அரசர்களும் தூதர்களும் லண்டன் மாநகரில் வந்து கூடிவிட்டனர். மன்னருக்கோ கடும் வயிற்று வலி. விழாவை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்பது மன்னரின் பிடிவாதம். மருத்துவர்கள் இசையவில்லை. விழாவிற்கு இரண்டு நாள் முன்பாக, ஜூன் 24-ஆம் நாள், ஃபிரடெரிக் டிரீவ்ஸ் என்னும் அறுவை மருத்துவர் குடல்வாலைச் சுற்றித் தேங்கியிருந்த சீழை வெளியேற்றினார். மன்னர் பிழைத்தார், ஆகஸ்டு 9-ஆம் நாள் முடிசூடினார். அந்த டிரீவ்ஸின் சொந்த மகளோ, 1900-ஆம் ஆண்டில், இளம்பெண்ணாக இருந்தபோதே இதே நோயால் மாண்டுபோனவள். முடிசூட்டு விழாவுக்கே காத்திராத நோய், நம் அரையாண்டுத் தேர்வுக்கோ அக்காளின் திருமணத்துக்கோ காத்திருக்குமா?

இன்று இந்நோய்க்கு அஞ்ச வேண்டியதில்லை. 1980-இல் ஜெர்மனி நாட்டு மருத்துவர் கூர்ட் செம் சிறு துளைகளின் வழியே கருவியைச் செலுத்திக் குடல்வாலை எடுத்துக் காட்டினார். அம்முறை இப்போது எங்கும் பரவிவிட்டது. தொடக்க நிலையில் உள்ள சிலருக்குக் கிருமிகளைக் கொல்லும் மருந்துகளே போதும் என்றும் கண்டுள்ளனர். எந்த முறையாயினும் காலத்தோடு வந்தவர்க்கே முழுப் பயன்.

இனி, கடும் வயிற்று வலியின் பிற காரணங்களை நோக்குவோம். அவற்றை நான்கு வகையாகப் பகுத்துக்கொண்டால் நினைவில் நிற்கும். முதலாவது அழற்சி. குடல்வால், பித்தப்பை, கணையம் ஆகியவை வீங்கிப் புண்படுதல் இவ்வகை. இரண்டாவது துளை விழுதல். இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ நெடுநாளாக இருந்த புண் ஒரு கணத்தில் ஓட்டையாகிவிடும். அப்போது கத்தியால் குத்தியது போன்ற வலி திடீரெனத் தோன்றும். வயிறு பலகைபோல் விறைத்துவிடும். இவ்வகைப் புண்ணுக்குக் காரமும் கவலையுமே காரணம் என்று முன்னர் நம்பினர். ஆஸ்திரேலிய நாட்டு மருத்துவர்களான ராபின் வாரன், பாரி மார்ஷல் ஆகியோர் 1982-ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்து, ஒரு கிருமியே பெரும்பாலும் காரணம் என்று நாட்டினர். 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் கடையில் தாமே வாங்கி விழுங்கும் சில மாத்திரைகளும் இப்புண்ணை உண்டாக்கும். தீராத டைபாய்டு காய்ச்சலில், மூன்றாம் வார அளவில், சிறுகுடலில் துளை விழுவதும் உண்டு.

மூன்றாவது வகை அடைப்பு. குடலிறக்கத்தில் குடல் சிக்கிக்கொண்டாலும், முன்பு செய்த அறுவையின் வடு குடலை வளைத்துப் பிடித்தாலும் உணவு செல்லும் வழி அடைபடும். வயிறு உப்பும், வாந்தி நில்லாது, மலமும் காற்றும் வெளியேறா. சிறுநீர்க்குழாயில் கல் சிக்கிக்கொள்வதும் அடைப்பே. வெயிலில் உழைத்து, வியர்வை பெருக்கி, நீர் குறைவாகப் பருகுவோர்க்குக் கல் எளிதில் உண்டாகும். கடலில் வலை இழுப்போரும் கற்சிற்பம் செதுக்குவோரும் செங்கற்சூளையில் உழைப்போரும் நிறைந்த நம் பகுதிக்கு இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

நான்காவது, இரத்த ஓட்டம் தடைப்படுதலும் உள்ளே குருதி கசிதலும். இவ்வகையில் இரண்டினை வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டியுள்ளது. சிறுவருக்கும் இளைஞருக்கும் விதை முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றுவிடுவது உண்டு. பையன் கூச்சத்தால் ‘அடிவயிறு வலிக்கிறது’ என்று மட்டுமே சொல்லுவான். ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்குள் அறுவை செய்யாவிட்டால் அவ்வுறுப்பை இழக்க நேரிடும். அவ்வாறே மணமான இளம்பெண்களுக்குக் கரு, கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கி வளர்ந்து, குழாய் வெடித்து உள்ளே குருதி பெருகுவதுண்டு. அவ்வேளையில் வயிற்றோடு தோள்முனையும் வலிக்கலாம். கூரையாகிய உதரவிதானத்தை குருதி தீண்டுகிறது. அதன் நரம்போ கழுத்திலிருந்து இறங்கி வந்தது. ஆகவே மூளை தோளைக் குற்றம் சாட்டுகிறது. பெண் நோயாளரிடம் மருத்துவர் மாதவிலக்கைப் பற்றிக் கேட்பதும் சிறுநீரைச் சோதிப்பதும் இதனாலேயன்றி வேறு காரணத்தாலன்று. உண்மையை ஒளிப்பது உயிரை ஒளிப்பதாகும்.

நோயாளி இருக்கும் நிலையே ஒரு சான்று. கல்லால் வருந்துபவன் புரளுவான், எழுவான், உட்காருவான், எந்நிலையிலும் அமைதி கொள்ளான். வயிற்றறை முழுதும் அழற்சி பரவியவனோ அசையாமல், முழங்காலை மடக்கிக்கொண்டு, மூச்சையும் மெல்ல விட்டுக் கிடப்பான். துடிப்பவனே பெரிய நோயாளி, சத்தமின்றிக் கிடப்பவன் தேறிவிட்டான் என்று கருதுவது பெரும் பிழை.

வலி வயிற்றில் இருந்தாலும் நோய் வேறிடத்தில் இருப்பதும் உண்டு. மேல்வயிற்றில் எரிச்சலாகவும் அழுத்தமாகவும் தோன்றி, வியர்வையைப் பெருக்கும் வலி மாரடைப்பாக இருக்கலாம். நீரிழிவு நோய் முற்றி இரத்தத்தில் அமிலம் மிகும்போதும் வயிறு கடுமையாக வலிக்கும். நம் மாவட்டத்து மாணவர் கட்டாயம் அறியவேண்டிய மற்றொன்று கட்டுவிரியன் கடி.

கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. தரையில் பாய் விரித்து உறங்குபவரைக் கடித்துவிட்டுச் செல்லும். அதன் பல் நுண்ணியது. கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இரா. தழும்பும் கண்ணுக்குத் தெரியாமற் போகலாம். கடிபட்டவர் விடியற்காலையில் கடும் வயிற்று வலியோடும் வாந்தியோடும் எழுவார். ‘இரவு உண்டது ஒத்துக்கொள்ளவில்லை’ என்று வீட்டார் கருதுவர். சிறிது நேரத்தில் இமைகள் தாமே தாழும், விழுங்க இயலாது, பேச்சுக் குழறும், பின் மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும். நரம்புக்கும் தசைக்கும் உள்ள தொடர்பை அந்நஞ்சு அறுத்துவிடுவதே காரணம். நஞ்சு முறி மருந்து முன்னரே செலுத்தப்படின் நலம். தசை ஓய்ந்தபின் அம்மருந்து மட்டும் போதாது, செயற்கை மூச்சுக் கருவியும் வேண்டும். ஆகையால் தரையில் உறங்கியவர் விடியலில் வயிற்று வலியோடு எழுந்து, இமை சோர்ந்து காணப்பட்டால், பாம்பைக் கண்டோமா இல்லையா என்று வாதிட்டுக் கொண்டிராமல் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். கட்டிலில் உறங்குவதும், பாயின் அடியில் ஓரம் செருகிய கொசுவலைக்குள் உறங்குவதும் நல்ல காப்பு.

அந்த முறிமருந்தின் மூலப்பொருள் நம் கடற்கரையிலிருந்தே செல்லுகிறது என்பது நாம் பெருமைப்படத் தக்கது. மாமல்லபுரத்திற்கு வடக்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உள்ளது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை அடுத்துப் பாம்புத் தோல் வாணிகம் நின்றுபோகவே, பிழைப்பிழந்த இருளர்க்காக 1978-இல் இச்சங்கம் தோன்றியது. அதற்குத் துணை நின்றவர் அங்கு முதலைப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, நஞ்சைக் கறந்து, சில வாரங்களுக்குப் பின் மீண்டும் இயற்கையிடத்தில் விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து மருந்தாக்குவர். செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. எழுத்தறியாத முன்னோரிடமிருந்து வந்த அறிவு நாடெங்கும் உயிர் காக்கிறது.

இன்னொரு நஞ்சையும் கூறாமல் விடலாகாது. 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் நம் மாவட்டத்துச் சித்தாமூர்ப் பகுதியிலும், விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் கள்ளச்சாராயம் அருந்திய இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். உடலுக்குள் அது பார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண் நரம்பைத் தாக்கும். குடித்த பல மணி நேரத்திற்குப் பின் வயிற்று வலியும் வாந்தியும் பார்வை மங்கலும் தோன்றும். வெளியே சொல்ல அஞ்சி, வெறும் வயிற்று வலி என்று வீட்டிலேயே கிடப்பவர் காலத்தை இழக்கின்றனர். மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உண்டு. ஆனால் உண்மையைச் சொன்னால்தான் அவை கிட்டும். மருத்துவர் நோயாளியை விசாரிப்பது தண்டிப்பதற்காக அன்று.

இனி, அவசர சிகிச்சைப் பிரிவில் நடப்பது யாது? அங்கு வருவோரில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வயிற்று வலியால் வருவோர் என்பது பல நாடுகளில் கண்ட கணக்கு. 1965-இல் தொடங்கப்பெற்ற செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையே நம் பகுதி மக்களின் பெரும் புகலிடம். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக அதற்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 2008 முதல் தமிழ்நாட்டில் 108 என்ற எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். வழியிலேயே நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கும் பயிற்சி பெற்றோர் அதில் உள்ளனர்.

உள்ளே நுழைந்ததும் நோயாளியைத் தரம் பிரிப்பர். உடனே கவனிக்க வேண்டியவர், சற்றுப் பொறுக்கக் கூடியவர், காத்திருக்கக் கூடியவர் என்று வகுப்பர். முன்னால் வந்தவர்க்கு முன்னால் மருத்துவம் என்ற நியாயவிலைக் கடை முறை அங்குச் செல்லாது. உயிருக்கு அருகில் ஆபத்து உள்ளவருக்கே முதலிடம். நமக்குப் பின் வந்தவரை முன்னே அழைத்தால் சினம் கொள்ளலாகாது.

பின்னர் மருத்துவர் கேள்விகளை அடுக்குவார். வலி எப்போது தொடங்கியது? திடீரெனவா, மெல்ல மெல்லவா? எங்கே தொடங்கி எங்கே சென்றது? முதலில் வந்தது வலியா, வாந்தியா? கடைசியாக உண்டது எப்போது? இவற்றிற்குத் திருத்தமாக விடை சொல்லக்கூடிய நோயாளி பாதி நோயறிதலைத் தாமே செய்துவிடுகிறார். வலி தொடங்கிய நேரத்தை ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுதல் மிக நல்ல பழக்கம். பிறகு வயிற்றைக் கையால் மெல்ல அழுத்திப் பார்ப்பார். இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்படும். நின்ற நிலையில் எடுக்கும் எக்ஸ்-கதிர்ப் படத்தில் உதரவிதானத்தின் கீழே காற்று தெரியுமானால், குடலில் துளை விழுந்துள்ளது என்பது புலனாகும். ஒலியலைகளைக் கொண்டு எடுக்கும் ஸ்கேன் படம் பித்தப்பைக் கல்லையும் சூற்பை நோயையும் காட்டும். நடுவயதினர்க்கும் முதியோர்க்கும் மேல்வயிறு வலித்தால் இதயத் துடிப்பையும் பதிவு செய்து பார்ப்பர்.

வலியைத் தணிக்கும் மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும், ஆகவே நோயைக் கண்டறியும் வரை கொடுக்கலாகாது என்பது நெடுங்கால விதி. லண்டன் அறுவை மருத்துவர் சக்கரி கோப் 1921-இல் எழுதிய நூல் பல தலைமுறை மருத்துவர்க்கு இத்துறையில் வழிகாட்டியது, அவ்விதியையும் போற்றியது. பிற்கால ஆராய்ச்சிகள் அவ்வச்சம் தேவையற்றது என்று காட்டிவிட்டன. மருத்துவர் மேற்பார்வையில் தகுந்த மருந்தால் வலியைத் தணித்தால், நோயாளி அமைதியுற்றுச் சோதனைக்கு ஒத்துழைப்பார்; நோயறிதல் கெடுவதில்லை. ஆனால் நல்ல உடல்நலத்தோடு இருந்தவர்க்குத் தோன்றிய கடும் வயிற்று வலி ஆறு மணி நேரத்திற்கு மேல் நீடித்தால், அறுவை மருத்துவர் பார்க்க வேண்டிய நோய் என்றே பொதுவாகக் கருத வேண்டும் என்று அவர் கற்பித்தது இன்றும் பொன்னான கருத்தே.

எல்லாச் சோதனையும் முடிந்தபின், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குத் திட்டமான காரணம் எதுவும் தென்படுவதில்லை. அவர்களுட் பலருக்கு வலி தானே தீர்ந்துவிடும். ‘வீணாக வந்தோமே’ என்று அவர்கள் வருந்த வேண்டியதில்லை. ‘வலி கூடினால், அல்லது காய்ச்சல் வந்தால், உடனே திரும்பி வாருங்கள்’ என்று மருத்துவர் கூறுவதை மட்டும் மறவாமல் கடைப்பிடித்தல் வேண்டும். இன்று மறைந்திருக்கும் நோய் நாளை முகம் காட்டலாம்.

வீட்டில் செய்யத் தகாதவை சில உள. கடும் வலியில் விளக்கெண்ணெய் முதலிய பேதி மருந்து கொடுப்பது குடல்வாலை உடைக்கத் துணை செய்யும். ‘குடலேற்றம்’ என்று கூறி எண்ணெய் தடவி வயிற்றை அழுத்தி உருவுவதும், சூடு போடுவதும் அறவே தகாதவை. ஒருகால் அறுவை வேண்டியிருக்குமாதலால் உணவு கொடுக்கலாகாது. முன்பு யாருக்கோ எழுதிக் கொடுத்த மாத்திரையை எடுத்து விழுங்குவதும் கூடாது.

வலி திடீரெனப் பெருங்கடுமையோடு தோன்றுதல், தொப்புளிலிருந்து வலப்பக்கம் இறங்கி நிலைத்தல், வயிறு விறைத்தல் அல்லது உப்புதல், வாந்தி நில்லாமை, பச்சையாக வாந்தி எடுத்தல், வாந்தியிலோ மலத்திலோ குருதி தோன்றுதல், மலம் கறுத்துப் போதல், மயக்கமும் குளிர்ந்த வியர்வையும் வருதல், காய்ச்சலோடு வலி கூடுதல், உறக்கத்திலிருந்து எழுப்பும் அளவு வலித்தல் — இவற்றுள் ஒன்று இருந்தாலும் அது பொறுக்கத் தகாத வலி. கருவுற்ற பெண்ணின் வலியும், சிறு குழந்தையின் வலியும், முதியவரின் வலியும் இவ்வடையாளங்கள் இல்லாவிடினும் ஐயத்திற்குரியவையே.

இங்கு ஆசிரியர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் ஒரு சொல். பள்ளியைத் தட்டிக்கழிக்க வயிற்று வலி என்று சொல்லும் மாணவர் உளர். நான் பணியாற்றிய ஆண்டுகளில் அவ்வாறு சொன்னவர் பலரைக் கண்டிருக்கிறேன். ஆயினும் பொய் சொல்லும் பத்துப் பேரை வீட்டுக்கு அனுப்பினால் இழப்பது சில பாடங்களே; மெய் சொல்லும் ஒருவனை வகுப்பில் இருத்திவிட்டால் இழப்பது உயிராக இருக்கலாம். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தால் எது கனமானது என்பதற்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை.

மாணவர்களே, குப்பத்திலோ சிற்றூரிலோ பல குடும்பங்களில் ஆம்புலன்ஸை அழைக்கத் துணிபவரும், மருத்துவரின் கேள்விக்கு விடை சொல்லுபவரும் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளாகிய நீங்களே. ‘நாளைக் காலை பார்ப்போம்’ என்று பெரியவர்கள் சொல்லும்போது, மரியாதையோடு, ஆனால் உறுதியோடு, ‘இப்போதே போவோம்’ என்று சொல்லும் துணிவை உங்கள் கல்வி உங்களுக்குத் தர வேண்டும். இரவோடு இரவாகச் சென்று, ஒன்றுமில்லை என்று அறிந்து திரும்புவது நட்டமன்று. விடியட்டும் என்று காத்திருந்து வருந்துவதே நட்டம்.